வதந்தியும் குடியாட்சியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர் பெருமக்களும் பேராசிரியர்களும் பேசக் கேட்டு மகிழ்ந்தவர்கள் நீங்கள். இவ்வாண்டோ, பத்தாம் வகுப்புத் தேறியதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வேயில் சீட்டுக் கொடுக்கும் எழுத்தராகக் காலந்தள்ளும் எம்மைப் பேசப் பணித்துவிட்டனர். இலக்கியம் பேச எமக்குத் தகுதியில்லை. கட்சி அரசியல் பேச எமக்கு அனுமதியில்லை. அரசு ஊழியர்க்கென நடத்தை விதிகள் உள்ளன. ஆகவே எமக்குத் தெரிந்த ஒன்றையே பேசுகிறோம். வண்டி உண்டா இல்லையா என்று கேட்பவர்க்கு மறுமொழி சொல்வதே இருபது ஆண்டுகளாக எம் தொழில். சரியான செய்தி மக்களை என்ன செய்யும், தவறான செய்தி என்ன செய்யும் என்பதைச் சீட்டுக் கொடுக்கும் சாளரத்தின் பின்னிருந்து யாம் நாளும் கண்டுவருகிறோம். அச்சிறு அனுபவமே இன்றைய பேச்சுக்கு முதல்.

ரயில்வேயில் 'லைன் கிளியர்' என்றொரு முறை உண்டு. இங்கு அமர்ந்துள்ள ரயில்வேக் குடும்பத்தார் பலரும் அதனை அறிவர், ஏனையோர்க்காகச் சொல்கிறோம். ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு வண்டியை அனுப்ப வேண்டுமாயின், ஸ்டேஷன் மாஸ்டர் தம் விருப்பப்படி அனுப்பிவிட முடியாது. அடுத்த நிலையத்தாரைக் கேட்க வேண்டும். பாதை வெறுமையாக உள்ளது, வண்டியை விடலாம் என்று அவர் சொல்ல வேண்டும். சொன்னவர் அவர்தாம் என்பதற்கு அடையாளமாக, தம்மிடம் உள்ள தாளிலிருந்து ஓர் இரகசிய எண்ணையும் அவர் சொல்வதுண்டு. ஒருமுறை சொன்ன எண்ணை அடித்துவிடுவார்கள். மறுமுறை அதனைச் சொல்ல இயலாது. முன்னாளில் ஒற்றைப் பாதைகள் பலவற்றில் டோக்கன் என்னும் இரும்புப் பந்தினைப் பையிலிட்டு, வளையத்தில் கோத்து, ஓட்டுநர் கையில் கொடுப்பார்கள். அடுத்த நிலையத்தார் இசைந்தாலன்றி அப்பந்து பெட்டியை விட்டு வெளியே வாராது. வண்டி நிறையப் பயணிகள் காத்திருக்கலாம். நேரம் கடந்துவிட்டதே என்று எல்லோரும் கூச்சலிடலாம். லைன் கிளியர் இல்லாமல் வண்டி நகராது.

வண்டிக்குக் காட்டும் இந்த எச்சரிக்கையை நாம் வாய்ச் சொல்லுக்குக் காட்டுகின்றோமா? கைப்பேசியில் வந்து விழும் செய்திக்குக் காட்டுகின்றோமா? இதுவே எம் கேள்வி. பிறரைக் கேட்குமுன் எம் பிழையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2020 மார்ச் மாதத்தில் கொரோனா நோயின் பொருட்டு நாடெங்கும் ஊரடங்கு வந்தது. பயணிகள் வண்டிகள் யாவும் நின்றன. தாராவியில் நம்மவர் எத்தகைய அச்சத்தில் இருந்தனர் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே அறையில் எட்டுப் பேர், பொதுக் கழிப்பறை, வேலையில்லை, கையில் காசில்லை. ஊருக்குப் போய்விட்டால் கஞ்சியாவது கிடைக்கும் என்று எல்லோரும் ஏங்கியிருந்த நேரம். அந்நாளில் ஒரு மாலை, தமிழ்நாட்டுக்குச் சிறப்பு வண்டி விடப்போகிறார்கள், தாதர் நிலையத்தில் பெயர் பதிகிறார்கள் என்றொரு செய்தி எம் கைப்பேசிக்கு வந்தது. அனுப்பியவர் எமக்கு வேண்டியவர். யாம் அலுவலகத்தை ஒரு சொல் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. நல்ல செய்தி அன்றோ, நம் மக்கள் விரைவில் அறியட்டும் என்று எண்ணி, நம் அன்பர்கள் இருக்கும் குழுவிற்கு அப்படியே அனுப்பிவிட்டோம்.

மறுநாள் காலை தாராவியிலிருந்து ஒரு குடும்பம் அச்செய்தியை நம்பிப் புறப்பட்டது. ஒரு முதிய அம்மையார், கருவுற்ற மகள், மருமகன், கைக்குழந்தை ஒன்று. மீதமிருந்த அரிசியையும் அடுப்பையும் அயல் வீட்டாருக்குக் கொடுத்துவிட்டு, மூட்டைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு, தாதர் வரை நடந்தே சென்றனர். அங்கே வண்டியும் இல்லை, பதிவும் இல்லை. காவலர் தடியை ஓங்கி விரட்ட, வெயிலில் திரும்பி நடந்தனர். கொடுத்த அரிசியைத் திரும்பக் கேட்க நாணி, அன்றிரவு அவர்கள் உண்ணவில்லை என்பதைப் பின்னரே அறிந்தோம். யாம் சென்று வருத்தம் தெரிவித்தபோது அந்த அம்மையார் எம்மை வையவில்லை. "நீ ரயில்வேக்காரன்லா, நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டோம்ய்யா" என்றார். வைதிருந்தால் தாங்கியிருப்போம். அந்தச் சொல்லைத் தாங்க முடியவில்லை.

பொய்யைப் புனைந்தவர் யாரோ, யாம் அல்லேம். ஆயினும் அப்பொய்க்கு யாம் எம் உத்தியோகத்தைக் கடனாகக் கொடுத்தோம். முகம் அறியாதவன் சொன்னால் ஐயுறுவார்கள். தெரிந்தவன் சொன்னால் நம்புவார்கள். வதந்தி தன் காலால் நடப்பதில்லை. நல்லவர்களின் தோளில் ஏறியே அது ஊர் சுற்றுகிறது.

அந்த ஏப்ரல் மாதம் 14-ஆம் நாள் பாந்திரா நிலையத்தருகே நிகழ்ந்ததை நாடே அறியும். ஊரடங்கு மே 3 வரை நீளும் என்று அன்று காலைதான் அறிவித்திருந்தார்கள். ஊர் செல்ல வண்டி விடுவார்கள் என்ற பேச்சு பரவ, ஆயிரத்துக்கு மேற்பட்ட வெளிமாநிலத் தொழிலாளர் பிற்பகலில் அங்கே திரண்டுவிட்டனர். காவலர் தடியடி நடத்திக் கலைத்தனர். கதை அத்துடன் முடிந்ததா? இல்லை. அவ்விடத்தில் ஒரு பள்ளிவாசல் இருந்தமையால், இது ஒரு மதத்தாரின் சூழ்ச்சி என்று இன்னொரு பொய் கிளம்பிற்று. ஊருக்குப் போக வேண்டும் என்று அழுத ஏழைகளின் துயரம் பேசப்பட வேண்டிய நாளில், அவர்கள் எந்த மதத்தார் என்பதே நாட்டின் பேச்சாயிற்று. வேலையிழந்தவர்க்கு உணவு எங்கே, வண்டி எப்போது என்ற கேள்விகள் பின்னே தள்ளப்பட்டன. தொழிலாளர் சிறப்பு வண்டிகள் மே முதல் நாளன்றே ஓடத் தொடங்கின.

அன்பர்களே! ஒரு பொய் ஒரு பொய்யாக மட்டும் நின்றுவிடுவதில்லை. கேட்க வேண்டிய கேள்வியை அது கேட்க விடாமல் செய்துவிடுகிறது. குடியாட்சிக்கு அதனால் வரும் கேடு இதுவே.

இனி, இந்நகரத்துத் தமிழர் மறக்கலாகாத ஒரு பழைய கதைக்கு வருவோம். எம் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவித் தோல் பதனிடும் சாலையில் வேலை செய்தவர். எம் தந்தையார் சிறுவயதில் கண்டும் கேட்டும் எமக்குச் சொன்னவை பல. 1960 மே முதல் நாள் மகாராட்டிர மாநிலம் பிறந்தது. அவ்வாண்டே 'மார்மிக்' என்னும் மராத்தி வார இதழும் தொடங்கிற்று. தொலைபேசிப் புத்தகத்திலும் பிறவற்றிலும் இருந்து பெயர்களைத் திரட்டி, இன்ன நிறுவனத்தில் இத்தனை தென்னாட்டார் அதிகாரிகளாக உள்ளனர் என்று அவ்விதழ் பட்டியல் பட்டியலாக வெளியிட்டது. 1966 ஜூன் 19-ஆம் நாள் சிவசேனை தோன்றிற்று. தென்னாட்டார் வேட்டியையும் லுங்கியையும் எள்ளி முழங்கிய முழக்கங்களை முதியோர் இன்னும் நினைவில் வைத்துள்ளனர். தென்னாட்டு உணவு விடுதிகள் தாக்கப்பட்டதும் உண்டு.

அப்பட்டியலை யாம் பல நாள் எண்ணிப் பார்த்ததுண்டு. அதில் அச்சான பெயர்கள் பொய்யல்ல. மாதுங்காவிலிருந்து கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்குப் போன உண்மையான மனிதர்களின் பெயர்களே அவை. மண்ணின் மைந்தர்க்கு வேலை இல்லை என்ற துயரமும் பொய்யல்ல. 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்நகரில் மராத்தி பேசுவோர் நூற்றுக்கு 43 பேர் அளவே இருந்தனர். தம் தலைநகரில் தாமே சிறுபான்மை என்ற உணர்ச்சி அவர்கட்கு இருந்ததில் வியப்பில்லை. அப்படியாயின் பொய் எங்கே இருந்தது? பெயர்களிலிருந்து காட்டிய முடிவில் இருந்தது. உங்கள் வறுமைக்கு இவர்களே காரணம் என்று சுட்டிய விரலில் இருந்தது. தோல் சாலையில் சுண்ணாம்பு நீரில் கால் வெந்து நின்ற எம் பாட்டனாரின் பெயர் எந்தத் தொலைபேசிப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அப்பட்டியலால் எழுந்த வெறுப்பு அவரையும் சேர்த்தே சுட்டது. தெருவில் இட்டலிக் கூடை சுமந்தவர் எந்த நிறுவனத்திலும் அதிகாரி அல்லர், அவரையும் சுட்டது.

ஆகவே இளைஞர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். முற்றிலும் புனைந்த பொய்யைக் கண்டுபிடிப்பது எளிது. உண்மையான துண்டுகளை எடுத்துப் பொய்யான மாலையாகத் தொடுத்தால், அதனைக் கண்டறிவது அரிது. ஒவ்வொரு துண்டையும் காட்டி, இது பொய்யா, இது பொய்யா என்று கேட்பார்கள். நாம் வாயடைத்து நிற்போம். விடப்பட்டது எது, மறைக்கப்பட்டது எது என்று கேட்கப் பழக வேண்டும்.

அன்று நம்மைக் குறித்துச் சொன்னார்கள். 2023-இல் நம் தாய்நாட்டைக் குறித்துச் சொன்னார்கள். அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளரை வெட்டிக் கொல்கிறார்கள் என்று சில காட்சிப் படங்கள் வடநாடெங்கும் பரவின. பீகார் சட்டமன்றத்திலும் இதுபற்றிக் கூச்சல் எழுந்தது. தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவர் சைலேந்திரபாபு அவர்கள் அச்செய்தி பொய் என்று மறுத்தார். ஒரு படம் திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர் தமக்குள் மோதிக்கொண்டது. இன்னொன்று கோவையில் உள்ளூரார் இருதரப்புக்கிடையே நடந்தது. தமிழ்நாட்டு முதல்வர் ஸ்டாலின் அவர்கள் பீகார் முதல்வராயிருந்த நிதிஷ் குமார் அவர்களோடு தொலைபேசியில் பேசினார். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் நேரில் வந்து பார்த்தனர். காயம்பட்டவர் போல் கட்டுப் போட்டுக்கொண்டு சிலர் பேசிய ஒரு படம் பாட்னாவில் ஒரு வீட்டில் எடுக்கப்பட்டது என்று பீகார்க் காவல்துறையே பின்னர்க் கூறிற்று.

அவ்வாண்டு மார்ச் 8-ஆம் நாள் ஹோலிப் பண்டிகை. பண்டிகைக்கு ஊர் செல்லும் கூட்டம் கோவை, திருப்பூர், சென்னை நிலையங்களில் நிறைந்திருந்தது. ரயில்வேக்காரர் எவர்க்கும் அது ஆண்டுதோறும் வரும் காட்சி. அக்கூட்டத்தைப் படம் பிடித்து, உயிருக்கு அஞ்சி ஓடுகிறார்கள் என்று எழுதிவிட்டார்கள். படம் உண்மை, எழுத்து பொய்.

அப்பொய் செம்பூரில் எம் வீட்டு வாயிலுக்கும் வந்தது. எம் குடியிருப்பில் காய்கறி விற்பவர் ஒருவர் பீகாரிலிருந்து வந்தவர். எம் பிள்ளைகளைத் தம் பிள்ளைகள் போல் கூப்பிட்டுக் கேரட்டும் கொய்யாவும் கொடுப்பவர். அவர் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. ஓர் இரவு அவர் எம் கதவைத் தட்டினார். கையில் கைப்பேசி; அதில் அந்தப் படம். "பாய்சாப், இரண்டு நாளாகத் தம்பி போன் எடுக்கவில்லை. உங்கள் ஊரில் எங்களை வெட்டுகிறார்களாமே, உண்மைதானா?" என்று இந்தியில் கேட்டார். எத்தனையோ ஆண்டுப் பழக்கம். ஆனால் அன்று அவர் கண்களில் யாம் கண்டது அச்சம் மட்டுமன்று. 'நீயும் அவர்களில் ஒருவன்தானே' என்ற ஐயமும் அதில் கலந்திருந்தது. எம் பாட்டனார் எந்தக் கண்களைக் கண்டு அஞ்சினாரோ, அவை எம்மை நோக்கின.

என்ன செய்வது? அறிக்கை வந்திருக்கிறது, பொய் என்று சொல்லிவிட்டார்கள் என்றால் அவர் மனம் ஆறுமா? திருப்பூரில் உள்ள எம் அத்தை மகனை அழைத்தோம். அவர் உடனே வண்டியை எடுத்துக்கொண்டு அத்தொழிலாளர் தங்கியிருந்த அறைக்குச் சென்றார். தம்பி இரண்டு நாள் முன்பே ஹோலிக்கு ஊர் புறப்பட்டுவிட்டதாக அறைத் தோழர்கள் சொன்னார்கள். அவர்களையே காய்கறிக்காரரோடு பேச வைத்தார். ஆயினும் அண்ணனுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. அன்றிரவு எங்கள் வீட்டு வாசற்படியிலேயே அமர்ந்திருந்தார். எம் மனைவியார் கொடுத்த தேநீரைக் கையில் வைத்திருந்தாரேயன்றிக் குடிக்கவில்லை. மறுநாள் முற்பகல் வழியில் ஒரு நிலையத்தில் யாரோ ஒருவரின் கைப்பேசியை வாங்கித் தம்பி அழைத்தார். தம்முடைய கைப்பேசி சீட்டு வாங்கிய கூட்டத்தில் தொலைந்துவிட்டதாம்! அண்ணன் அழுதார், எம் கையைப் பற்றிக்கொண்டார். அதன்பின் அந்த ஐயம் எம்மிடையே இல்லை. ஆனால் அவ்வாறு கேட்டறிய ஓர் அத்தை மகன் இல்லாத வீடுகள் எத்தனை? அங்கெல்லாம் அந்த ஐயம் ஆறாத புண்ணாக இருக்குமன்றோ!

இவ்விடத்தில் நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். அதே 2023 ஜனவரியில், திருப்பூரில் வடநாட்டுத் தொழிலாளர் தமிழ் இளைஞரைத் துரத்துவதாக ஒரு படம் நம்மிடையே பரவிற்று. ஒரு சிறு தகராற்றில் தொடங்கியது அது என்று காவல்துறை விளக்கிற்று. அவ்விளக்கத்தை நம்முள் எத்தனை பேர் பிறர்க்கு அனுப்பினோம்? வடவர் வந்து நம் பிழைப்பைப் பறிக்கிறார் என்ற சொற்களையோ நூறு முறை அனுப்பினோம். 1966-இல் நம் பாட்டன்மாரை நோக்கி எறிந்த அதே கல் அது. எறிந்த கை மட்டுமே வேறு.

சிலப்பதிகாரக் கதையை அறியாதவர் இங்கில்லை. பொற்கொல்லன் ஒருவன் பொய் சொன்னான். பாண்டியன் நெடுஞ்செழியன் தீயவன் அல்லன், அவசரத்தில் இருந்தான். கேட்டதை ஆராயாமல் ஆணையிட்டான், கோவலன் வெட்டுண்டான். பின்னர்க் கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியபோது, உள்ளே மாணிக்கம் தெறித்தது. அரசியின் சிலம்பிலோ முத்து. சான்று வந்தது, உயிர் மீளவில்லை. மன்னன் அரியணையிலேயே உயிர் விட்டான், மதுரை எரிந்தது.

அந்நாளில் அரசன் ஒருவன். அவன் காது இரண்டே. பொய் அவ்விரு காதுகளை எட்டினால்தான் நாட்டிற்குக் கேடு. இந்நாளிலோ வாக்குச்சீட்டு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அரசர். தாராவியில் தோல் தைப்பவரும் அரசர்; மாதுங்காவில் பூ விற்கும் அம்மையாரும் அரசர். ஆகையால் ஒவ்வொரு காதும் பாண்டியன் காது. ஆராயாமல் நாம் ஒரு செய்தியை நம்பி அனுப்பும்போது, ஆராயாமல் ஓர் ஆணை இடுகிறோம்.

இது மிகைப்பேச்சு அன்று. 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வம் கும்பிடச் சென்ற குடும்பத்தார் வழியில் நின்று சிறுவர்க்கு மிட்டாய் கொடுத்தனர். பிள்ளை பிடிப்பவர் என்று ஊரார் அடித்ததில் ஒரு முதிய அம்மையார் மாண்டார். அவ்வாண்டு ஜூலை முதல் நாள், நம் மகாராட்டிரத்தில் துளே மாவட்டம் ரைன்பாடா என்னும் சிற்றூரில், பிச்சையெடுத்து வாழும் நாடோடிக் குலத்தார் ஐவர் அதே ஐயத்தால் அடித்துக் கொல்லப்பட்டனர். அந்நாளில் பரவிய படங்களுள் ஒன்று, பிள்ளைகளைக் காக்கும்படி பெற்றோரை எச்சரிக்கக் கராச்சியில் எடுக்கப்பட்ட விளம்பரப் படம். பிள்ளையைத் திரும்ப விடும் இறுதிப் பகுதியை வெட்டிவிட்டுப் பரப்பியிருந்தார்கள். அடித்தவர்கள் தம் பிள்ளைகள் மேல் அன்பு கொண்ட பெற்றோரே. அன்பும் அவசரமும் சேர்ந்து கொலையில் முடிந்தன. அம்மாதமே வாட்ஸப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்நாட்டில் வரம்பு கட்டிற்று.

அரசே பொய்யைத் தடுத்துவிடலாமே என்று சிலர் கேட்பர். குற்றம் செய்தவரைச் சட்டம் தண்டிக்கட்டும், அதில் மறுப்பில்லை. ஆனால் எது மெய், எது பொய் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமையை அரசு ஒன்றிடமே கொடுத்துவிடலாமா? 2023-இல் மத்திய அரசு தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தி, தன் பணிகளைப் பற்றி இணையத்தில் வரும் செய்திகளுள் பொய்யானவற்றைக் குறித்துக் காட்டத் தானே ஒரு பிரிவை அமைக்க வழிசெய்தது. அவ்வழக்கு நம் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வந்தது. 2024 ஜனவரியில் நீதிபதிகள் இருவரும் இருவேறு தீர்ப்புச் சொன்னார்கள். மூன்றாவதாக விசாரித்த நீதிபதி சந்துர்க்கர் அவர்கள், அவ்விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று அவ்வாண்டு செப்டம்பரில் கூறினார். ஆட்டத்தில் ஆடும் ஒருவரே நடுவராகவும் நிற்பது முறையாகாது என்பதே எம் சிற்றறிவுக்கு எட்டியது. அரசு எந்தக் கட்சியினுடையதாயினும் இது பொருந்தும். ஆகவே இந்த வேலையைக் குடிமக்கள் நாமே செய்தாக வேண்டும்.

நாளைய தேவையும் ஒன்று நம் முன்னே நிற்கிறது. தாராவி மறுசீரமைப்பின் பொருட்டு 2024 மார்ச் முதல் வீடு வீடாகக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்னிருந்த தரைத்தளக் குடியிருப்பாளர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்றும், பின்னர் வந்தோர்க்கு வெளியே வேறு ஏற்பாடு என்றும் அறிவித்தனர். இத்திட்டத்தை ஆதரிப்போரும் உண்டு, எதிர்ப்போரும் உண்டு. இருவர்க்கும் பேச உரிமை உண்டு. மூன்று தலைமுறை வாழ்ந்த மண்ணில் நம் குடும்பங்கள் இருக்குமா, எங்கே போகும் என்ற கேள்வி இது. இத்தகைய நேரத்தில் கையெழுத்திடாதே, இட்டால் வீடு போயிற்று என்று ஒரு செய்தி. கையெழுத்திடு, இடாவிட்டால் வீடு போயிற்று என்று இன்னொரு செய்தி. இரண்டையும் கேட்டு அஞ்சி, தம் பழைய மின்கட்டணச் சீட்டையும் குடும்ப அட்டையையும் எடுத்துக்கொண்டு யாரிடம் போவது என்று தெரியாமல் நிற்போரை யாம் அறிவோம். ஆவணத்தைப் படித்து வாதாட வேண்டிய மக்கள், வதந்தியைக் கேட்டு வாய்மூடி நின்றால் முடிவு அவர்களைக் கேளாமலே நடந்துவிடும்.

இன்னொரு கேடும் உண்டு. பொய் பெருகப் பெருக, மக்கள் எதையுமே நம்பாத நிலைக்கு வருவர். அப்போது உண்மையாக அடிபட்டவன் வந்து முறையிட்டாலும், 'இதுவும் வதந்தி' என்று தள்ளிவிடுவர். குற்றவாளிக்கு அதைவிட வசதி வேறென்ன? ஆகவே எல்லாவற்றையும் நம்பாதே என்று யாம் சொல்லவில்லை. ஆராய்ந்து நம்பு, ஆராய்ந்தபின் அஞ்சாமல் பேசு என்றே சொல்கிறோம்.

செய்யத்தக்கவை என எமக்குத் தோன்றுவனவற்றைச் சொல்லி முடிக்கிறோம். செய்தி வந்தவுடன் அடுத்த நிலையத்தைக் கேட்க வேண்டும். அஃதாவது, அது நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஊரில் உள்ள ஒருவரைக் கேட்க வேண்டும். தமிழர் இல்லாத ஊர் உண்டோ? அடுத்து, யார் சொன்னது, எந்த நாளில், படத்தின் முன்னும் பின்னும் என்ன என்று வினவ வேண்டும். கேட்டவுடன் சினமோ மகிழ்ச்சியோ பொங்கினால், அந்த வேளையில் அனுப்பாமல் ஓர் இரவு பொறுக்க வேண்டும். நம் சங்கத்தில் இளைஞர் இருவர், ஐயமுள்ள செய்திகளைக் கேட்டறிந்து சொல்லும் பொறுப்பை ஏற்கலாம். அவர்களுள் ஒருவர் மராத்தியும் இந்தியும் நன்கு படிக்கத் தெரிந்தவராக இருத்தல் நலம். தாராவிக் குடும்பங்கட்கு அரசாணைகளையும் அறிவிப்புகளையும் தமிழில் படித்துக் காட்ட ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். யாம் வரச் சித்தமாக உள்ளோம்.

இறுதியாக ஒன்று. தவறான செய்தியை எந்த அவையில் சொன்னோமோ, அந்த அவையிலேயே அதனைத் திருத்திச் சொல்ல வேண்டும். 2020-இல் யாம் அனுப்பிய அச்செய்தியை மறுநாள் ஓசையின்றி அழித்துவிட்டோமேயன்றி, அது தவறு என்று குழுவில் எழுதவில்லை. எழுத நாணினோம். அக்குழுவில் இருந்தோர் பெரும்பாலும் இவ்வவையில் உள்ளீர்கள். அந்த முதிய அம்மையாரும் மூன்றாம் வரிசையில், அன்று பிறவாதிருந்த பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். அவர் முன்னிலையில் சொல்கிறோம்: யாம் அனுப்பிய செய்தி பொய். கேட்டறியாமல் அனுப்பியது எம் குற்றம். பொறுத்தருள வேண்டுகிறோம்.